கிழவனுக்கு வடிகட்டிய கஞ்சி

நாயைக் கொண்டுவந்து விடும்போது பத்து நாள் என்றுதான் சொன்னார்கள். பத்து நாளில் வேறு இடம் பார்த்துவிடுவோம், அதுவரைக்கும் ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் கை பழகின ஆள் வேண்டும், உங்களை விட்டால் இந்தப் பக்கம் யாரும் இல்லை சிஸ்டர் என்று அந்தக் கல்லூரி டீச்சர் போனில் சொன்னாள். புகழ்ந்தால் நான் வழிக்கு வந்துவிடுவேன் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வந்துவிட்டேன்.

டீச்சர் பாளையங்கோட்டைக்காரி. கல்லூரி விட்டதும் நாலைந்து பேரோடு சேர்ந்துகொண்டு, அடிபட்டும் நோய்ப்பட்டும் தெருவில் கிடக்கிற நாய் பூனைகளைத் தூக்கிப்போய் வைத்தியம் பார்ப்பாள். அவளுடைய அக்கா பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டது நான்தான். அந்தப் பழக்கத்தில் என் நம்பர் அவளிடம் இருந்தது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மணிமுத்தாறுப் பக்கத்துக் கிராமங்களில் மொபெட்டின் பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் அலைந்தேன். இன்றைக்கும் அந்த வழி பஸ்ஸில் ஏறினால், மீசை வைத்த ஆட்கள் என்னைப் பார்த்ததும் தொடையைத் தடவிக்கொள்கிறார்கள். இப்போது மேலப்பாளையத்தில் உம்மா எனக்கு விட்டுப்போன வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கிறோம். அவர் சவூதியில் தம்மாம் ஊரில் ஒரு கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பராக இருபத்து நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது அங்கே இருக்கிறார்கள். ஆக, வீட்டில் நான் அதட்டுவதற்கு அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

நாயின் கதை இவ்வளவுதான். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் குட்டியிலிருந்து காவலுக்குக் கிடந்திருக்கிறது. முதலாளி பட்டறையை மூடிவிட்டு இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். நாயை ஏற்றவில்லை. பூட்டின கேட்டுக்கு வெளியே ஒரு மாதத்துக்கு மேல் அது காவல் இருந்திருக்கிறது. எதிர்த்த டீக்கடைக்காரர் போட்ட பன்னைக்கூடத் தின்னாமல் வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் டீச்சருக்குச் சொல்லியிருக்கிறார். செம்மண் நிறத்தில் நாட்டு நாய். வயது பன்னிரண்டுக்குக் குறையாது என்றார்கள். பல்லெல்லாம் தேய்ந்து அரிசி அளவுக்கு நின்றது. குளிப்பாட்டும்போது கால்விரல் இடுக்கிலிருந்து சுருள் சுருளாக இரும்புத்தூள் வந்தது; ஒரு உள்ளங்கை அளவுக்கு எடுத்தேன். அந்த முதலாளி என் முன்னால் வந்தால் என்ன கேட்பேன் என்று அன்றைக்கு ஒரு பட்டியலே போட்டு வைத்தேன். அவர் வரவில்லை.

சிறுநீரகம் இரண்டும் பெரும்பகுதி கெட்டுப்போய்விட்டது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஒரு பாட்டில் சலைனைத் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். வாந்திக்கு ஒரு மாத்திரை, வாய்ப்புண்ணுக்கு ஒரு மருந்து. உப்பில்லாத சோறு, முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த சுரைக்காய். கறி கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைப் பின்கதவில் ஒட்டி வைத்தேன். டீச்சர்கூட்டம் நாய்க்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை. முதல் இரண்டு நாள் ‘அது’ என்று சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து ‘கிழவன்’ ஆகிவிட்டான்.

என் வீட்டுக்காரருக்கு நாய் என்றால் பயமோ வெறுப்போ கிடையாது. அவருக்கு இருந்தது தொழுகை சம்பந்தப்பட்ட சிக்கல். நாயின் எச்சில் பட்டால் சுத்தம் போய்விடும். கழுவாமல் தொழ முடியாது. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் சட்டமே வேறு. நான் பிறந்த வீட்டில் ஹனஃபி வழி. மூன்று தடவை கழுவினால் போதும். அவர் கடற்கரை ஊர்க்காரர், ஷாஃபி. அவர்களுக்கு ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும். எச்சில் மட்டுமில்லை, ஈரமான ரோமம் பட்டாலும் அதே கணக்குதான். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இந்த மாதிரிச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. வீட்டில் நாய் இல்லாததால் இது மட்டும் அதுவரை வெளியே வரவில்லை.

“நோயாளிய வேண்டாங்க மாட்டேன். ஆனா புறவாசப் படியத் தாண்டி உள்ள வரப்பிடாது. அவனுக்குத் தனி வாளி, தனிச் சட்டி. நீ அவனத் தொட்டா உடுப்ப மாத்திட்டு வா” என்றார்.

நான் சரி என்றேன். ஆஸ்பத்திரியில் இதைவிட அதிகமாகக் கை கழுவியிருக்கிறேன். புறவாசலில் பழைய சாமான் போடும் கொட்டகையை ஒதுக்கி, சாக்கு விரித்து, கிழவனை அங்கே வைத்தேன்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தாகத்தில் கிடந்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு நன்மை கிடைத்ததாக நபிகள் சொன்ன வரலாற்றை எல்லாரும் தவறாமல் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே நான் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருத்தராவது ஒரு வாளி தண்ணீர் எடுத்துத் தரவில்லை.

சலைன் ஏற்றுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியை உள்ளே விட்டால் முடிந்தது. கிழவன் முதல் நாள் மட்டும் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ஊசியை மதிக்கவே இல்லை. இரும்புப் பட்டறையில் வளர்ந்தவனுக்கு ஊசி என்ன செய்யும்? பாட்டிலை உயர்த்திப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. ஆணி அடித்துத் தொங்கவிட்டால், அவன் நகரும் பக்கமெல்லாம் ஆணி நகராது. இரண்டு நாள் நான் ஒரு கையால் பாட்டிலையும் மறு கையால் நாயையும் பிடித்துத் திண்டாடியதைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மூன்றாம் நாள் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டிக் கம்போடு வந்தார். கம்பு நுனியில் பாட்டிலைக் கட்டி, படியில் நின்றபடியே நீட்டிப் பிடித்தார்.

“இந்தா, போதுமா ஒசரம்?”

“கொஞ்சம் இங்கன நீட்டுங்க. பைய, பைய. என் தலையில போட்டுறாதிய.”

இருபது நிமிஷம் அப்படியே நின்றார். தோளில் பனியன் நனைந்துவிட்டது. மறுநாள் ஒரு படி இறங்கி நின்றார். ஒரு வாரத்தில் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார், ஆனால் கம்பை விடவில்லை. ரோமம் காய்ந்திருந்தால் தொடலாம் என்று அவர் சட்டத்திலேயே இடம் உண்டு. ‘காஞ்சிருக்கா, காஞ்சிருக்கா’ என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டிருந்தவர், ஒரு நாள் நான் உள்ளே போன நேரத்தில் கிழவனின் நெற்றியை ஒற்றை விரலால் தொட்டார். இரண்டு பேருமே எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாள் ஆனது. டீச்சரும் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. இருபதாவது நாள் அவளே கூப்பிட்டு, யாரும் கிடைக்கவில்லை சிஸ்டர், வயதான நாய், அதிலும் நோய் என்றால் யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று இழுத்தாள். ‘யாரு கேட்டா உன்கிட்ட’ என்றேன். அவள் சிரித்தாள்.

ஒரே ஒரு கஷ்டம், சாப்பாடு. சோறும் வெள்ளைக்கருவும் சுரைக்காயும் பிசைந்து வைத்தால் முகர்ந்து பார்ப்பான், நாலு வாய் தின்பான், தலையைத் திருப்பிக்கொள்வான். ஊட்டிவிட்டால் என் மனதுக்காக விழுங்குவான். பிறகு ஓரமாகப் போய்க் கக்குவான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது. தின்னாமல் போனால் சிறுநீரகம் கொல்வதற்கு முன்னால் பட்டினி கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். அவனை எப்படியாவது தின்ன வைப்பது ஒன்றுதான் அப்போது எனக்கு எண்ணமாக இருந்தது. என் பிள்ளைகளை ஊட்டி வளர்த்தபோதுகூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

அந்த நேரத்தில்தான் ரமலான் பிறந்தது.

எங்கள் பக்கம் பள்ளிவாசலில் தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்சி, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு தெருவுக்கே ஊற்றுவார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய்ப்பால், அதோடு வெங்காயமும் பூண்டும் கணக்கில்லாமல் விழும். அண்டாவைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் மணக்கும். என் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு போய் வாங்கி வருவார். இரண்டாம் நோன்பு அன்று, நோன்பு திறந்த பிறகு நான் புறவாசலில் உட்கார்ந்து தூக்குவாளியைக் கழுவப் போனேன். கொட்டகையில் சுருண்டு கிடந்த கிழவன் தலையைத் தூக்கினான். எழுந்தான். தள்ளாடித் தள்ளாடி என் பக்கத்தில் வந்து நின்று, தூக்குவாளியையே பார்த்தான். அடியில் ஒரு கரண்டி அளவு கஞ்சி ஒட்டியிருந்தது. அவன் சட்டியில் வழித்துப் போட்டேன். சட்டி நகர நகர நக்கித் தீர்த்தான்.

வாந்தி எடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன்.

“கஞ்சி குடிச்சிட்டான்! இங்கன வந்து பாருங்க, சட்டிய!”

அவர் வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “நோன்பாளி மாதிரி காத்துக் கெடந்திருக்கான்” என்றார். மறுநாள் பெரிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். கஞ்சி ஊற்றுகிறவரிடம், வீட்டில் ஒரு ஆள் கூட இருக்கு, ஒரு கரண்டி அதிகமா ஊத்தும் என்று கேட்டு வாங்கி வந்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. டாக்டர் கறி கூடாது என்று எழுதியிருந்தது பின்கதவில் கண்முன்னால் இருந்தது. அதனால் கஞ்சியைச் சல்லடையில் ஊற்றி, கொத்துக்கறித் துணுக்குகளையெல்லாம் எடுத்துவிடுவேன். உப்பு குறைய வேண்டும் என்று பாதிக்குப் பாதி வெந்நீர் விட்டுக் கலக்குவேன். வடிகட்டி, ஆறவைத்து, கையில் விட்டுச் சூடு பார்த்துத்தான் வைப்பேன். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று பாடம் எடுத்தவளுக்கு இது தெரியாதா? ஒரு போன் போட்டு டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன்.

பத்து நாள் குடித்தான். முதல் நாலைந்து நாள் நன்றாகவே இருந்தான். தூக்குவாளி சத்தம் கேட்டால் வாலை ஆட்டினான். என் வீட்டுக்காரர் பள்ளிவாசலிலிருந்து வரும் நேரத்துக்குப் படிப்பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டான். அப்புறம் மெல்ல ஒரு சோர்வு வந்தது. எழுந்தால் மூச்சு வாங்கினான். மூத்திரம் காபி நிறத்தில் போனது. சிறுநீரகம்தானே கெட்டிருக்கிறது, அப்படித்தான் போகும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். பதினோராம் நோன்பு அன்று எழவே இல்லை. வாயைத் திறந்து மாத்திரை போடப் போனபோது ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், அதுவும் வெள்ளை. கர்ப்பிணிகளுக்கு ரத்தம் இருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகமே. ஆயிரக்கணக்கான இமைகளைப் பார்த்தவள், இவனுடைய இமையைப் பத்து நாளாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஆட்டோவில் சாக்கை விரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவரும் வந்தார். டாக்டர் நாகர்கோவில் பக்கத்து இளவயசுக்காரர், பொறுமையானவர். ரத்தம் எடுத்துப் பார்த்தார். எங்களிடம் வரும்போது ஒன்பது இருந்த ஹீமோகுளோபின் ஆறுக்கு வந்திருந்தது.

“புதுசா என்ன கொடுத்தீங்க?”

“நோன்புக் கஞ்சி. கறியெல்லாம் எடுத்துட்டு, தண்ணி கலந்து, வடிகட்டித்தான் கொடுத்தேன்.”

“அதுல வெங்காயம், பூண்டு உண்டா?”

“அது இல்லாம எப்படி டாக்டர், கஞ்சி?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “ரெண்டும் நாய்க்கு ஆகாது சிஸ்டர். ரத்தத்தை உடைச்சிரும். வடிகட்டினாலும் சாறு அதுலதானே இருக்கும்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

சிறுநீரகம் கெட்டாலும் ரத்தம் குறையும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, கஞ்சியை நிறுத்துங்கள், ரத்தம் ஊற ஊசி தருகிறேன், பத்து நாள் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது கிழவன் எங்கள் காலடியில் கிடந்தான். மேலப்பாளையம் ரவுண்டானா வந்தபோது என் வீட்டுக்காரர் குனிந்து சாக்கின் நுனியை இழுத்துவிட்டார். பிறகு, “நான் ஒரு கரண்டி கூடக் கேட்டு வாங்குனேனே” என்றார்.

அன்றைக்கு அசருக்குப் போனவர் கஞ்சி வாங்காமல் வந்தார். இரண்டு பேரும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தோம். மறுநாளும் அப்படித்தான். எனக்கும் கஞ்சி இறங்கியிருக்காது. மேலப்பாளையத்தில் ரமலானில் கஞ்சி இல்லாத வீடு எங்கள் வீடு ஒன்றுதான் இருந்திருக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பியதையும் அவர் தொடாமல் மூடி வைத்தார். அது ஊசிப்போனது.

கிழவன் வயதாகிச் சாகிறான் என்றால் அதை நான் தாங்கிக்கொள்வேன். சிறுநீரகம் போய்ச் சாகிறான் என்றாலும் சரி. அதற்குத் தயாராகத்தான் அவனை ஏற்றுக்கொண்டேன். ஆனால் எங்கள் கஞ்சியில் அவன் சாகக்கூடாது. இந்த மனிதர் ஒரு கரண்டி கூடக் கேட்டு வாங்கியதை நினைத்து நினைத்து மருகி, மிச்ச ஆயுசு முழுக்கக் கஞ்சிச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்ளக்கூடாது. அதற்காக அந்தப் பத்து நாளும் என்ன செய்ய முடியுமோ செய்தேன். டாக்டர் சொன்ன ஊசியை நாள் தவறாமல் போட்டேன். சோற்றை மிக்சியில் அடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் துளித் துளியாக விட்டேன். அவர் தொரட்டிக் கம்பை எங்கேயோ போட்டுவிட்டு, பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு போய் மண் போட்டுக் கழுவினார். ஒரு நாளைக்கு மூன்று தடவைகூடக் கழுவினார். கிணற்றடியில் மண் தீர்ந்தபோது கொண்டுவந்து போட்டேன்.

இருபத்திரண்டாம் நோன்பு அன்று ரத்தம் பார்க்க நான் மட்டும் ஒரு குப்பியில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். கிழவனை ஆட்டோவில் அலைக்கழிக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ரிசல்ட் சீட்டு வந்தது. ஆறு என்று இருந்தது ஐந்தரை ஆகியிருந்தது. சிறுநீரகக் கணக்கும் ஏறியிருந்தது.

“இனி ரத்தம் ஊறுறது கஷ்டம் சிஸ்டர். நிக்க முடியாம, வலியில கெடந்தா சொல்லுங்க. வந்து அமைதியாப் போக வச்சிருவோம்” என்றார்.

“கஞ்சி கொடுக்காம இருந்திருந்தா?”

“கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது” என்றார். நேர்மையான மனிதர். அன்றைக்கு அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். உள்ளே போகும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“என்ன சொன்னாரு?”

“ரத்தம் ஏறிட்டுங்க. எட்டு ஆயிட்டு. கஞ்சியால வந்தது சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாரு. இனிமே கிட்னி ஒண்ணுதான். அது நம்ம கையில இல்ல.”

என் வேலையில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ செய்திகளை நேராகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பொய்யைச் சொல்லும்போது குரல் பிசிறக்கூட இல்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் சீட்டை நாலாக மடித்து, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் அவர் தூக்குவாளியோடு கஞ்சி வாங்கி வந்தார். எனக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். அவர் குடித்தார், நானும் குடித்தேன். பொய் சொன்னதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், ஆனால் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. மிச்ச நோன்பு முழுக்கக் கஞ்சி இருந்தது.

நோன்புப் பெருநாள் வந்து போனது. கிழவன் அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தான். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பகலெல்லாம் முருங்கை நிழலில் கிடப்பான். சித்திரை வெயில் ஏறினதும் ஈரச்சாக்கை மாற்றி மாற்றி விரித்தேன். டீச்சர் இரண்டு தடவை வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, அழுவதென்றால் அங்கே போய் அழு, அவனுக்கு நிழலை மறைக்காதே என்றேன். அவளிடம் கஞ்சிக் கதையை முழுசாகச் சொன்னேன். ரத்தம் ஏறினதாகச் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை.

டாக்டரைக் கூப்பிடலாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்த வாரத்திலேயே அவன் போய்விட்டான். ஒரு வியாழக்கிழமை, மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். சிரிஞ்சில் தண்ணீர் விட்டேன், விழுங்கவில்லை. வாயோரமாக வழிந்தது. மூச்சு நீளமாக இரண்டு வந்தது. மூன்றாவதுக்கு நான் காத்திருந்தேன். நாடி பார்த்தேன். சாக்கு நுனியால் வாயைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடினேன்.

அவர் தொழுதுவிட்டு வந்து, வெள்ளைக் கைலியோடு படியிலேயே நின்றார். உள்ளே போய்ப் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். டீச்சர் போனில், நாங்களே எடுத்துப்போய் அடக்கம் பண்ணுகிறோம் சிஸ்டர் என்றாள். அவர் போனை என் கையிலிருந்து வாங்கி, “வேண்டாம்மா, அவன் எங்க வீட்டு ஆளு” என்று சொல்லிவிட்டு வைத்தார். மதில் ஓரத்தில் இடுப்பளவு தோண்டினார். அறுபத்து மூன்று வயதுக்கு அது அதிகம். கொஞ்சம் குறைத்துத் தோண்டுங்கள் என்றேன்; காதில் வாங்கவில்லை. இரண்டு பேருமாகச் சாக்கோடு தூக்கி இறக்கினோம். கனமே இல்லை.

மண்ணை மூடி மிதித்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தோம். நான் வாளியில் மொண்டு ஊற்ற, அவர் கை கழுவினார். பாதியில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ஏட்டி, ரத்தம் ஏறிட்டுன்னு சொன்னியே. ஏறலை. அஞ்சரைதான் இருந்துச்சு.”

வாளி என் கையில் அப்படியே நின்றது. “ஒங்களுக்கு எப்பம் தெரியும்?”

“அன்னைக்கே. நீ சொன்ன விதம் சரியில்ல. நீ அடுப்படிக்குப் போனதும் பீரோவுல தேடிப் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா மறுநாளு கஞ்சி வாங்கிட்டு வந்திய?”

“வடிகட்டுனவ நீல்லா. பத்து நாளா நீயும் கஞ்சியத் தொடாம இருந்த. எனக்காகன்னு சொல்லி ஒன் வருத்தத்த நீ ஒளிச்சுக்கிட்டு இருந்த. நான் குடிச்சாத்தான் நீ குடிப்பேன்னு தெரியும். அதான் வாங்கிட்டு வந்தேன்.” கையை நீட்டினார், நான் தண்ணீர் ஊற்றினேன். “நான் வாங்கிட்டு வந்தேன், நீ வடிகட்டுன. சேந்துதான கொடுத்தோம்” என்றார்.

கிழவன் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. கிணற்றடி ஈரத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அவர் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.